முறைப்பாட்டு மேசைக்கு முன்னால் ஒரு கதிரை

“அம்மா, வீட்டில எத்தின பேர் இரிக்கிங்க? பிரிட்ஜ் வைக்கப்போற இடத்தில வெயில் அடிக்குமா? பின்னேரத்தில கரண்ட் குறையிறதா?”

பெரியகல்லாற்றுக் கிளையின் வாசலில், தோளில் மாட்டிய பையைக்கூட இறக்காமல் நின்றபோது இது என் காதில் விழுந்தது. கேள்வி கேட்டவர் எங்கள் விற்பனையாளர்களிலேயே எதுவும் ஏறாத மண்டை என்று நான் முடிவு கட்டியிருந்த மனிதர். நாற்பத்தைந்து வயது இருக்கும். முன்பு அரிசி ஆலை ஒன்றில் வேலை செய்தவர். ஒன்றரை மாதத்துக்கு முன் என் பயிற்சி வகுப்பில் கடைசி வரிசையில் இருந்து கொட்டாவி விட்டவரும் அவர்தான். இப்போது அவர் வாங்க வந்த பெண்ணிடம் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பதிலைக் காது கொடுத்துக் கேட்கிறார். பெரிய பெட்டியைக் காட்டிய அந்தப் பெண்ணை “உங்களுக்கு இது தேவல்ல அம்மா” என்று சின்னதின் பக்கம் கூட்டிப் போகிறார். எனக்கு உள்ளங்கால் வரை குளிர்ந்துபோனது. என் வகுப்பு பலித்திருக்கிறது!

எங்களுடையது வீட்டு மின்சாதனங்கள் விற்கும் கடை. மட்டக்களப்பு நகரத்தில் பெரிய கடை, ஏறாவூர்ப் பக்கம் ஒரு கிளை, தெற்கே பெரியகல்லாற்றில் ஒரு கிளை. மூன்றிலும் விற்பனைக்கு நிற்பவர்களைப் பயிற்றுவது என் பொறுப்பு. அதற்காகக் கொழும்புக்குப் போய் டிப்ளோமா செய்தவள் நான். வருடத்துக்கு இரண்டு தடவை எல்லோரையும் நகரத்து மண்டபமொன்றுக்கு அழைப்போம். திரையில் படங்கள், குழு விளையாட்டுகள், மத்தியானம் கோழிப் புரியாணி, பின்னேரம் பிளாஸ்டிக் உறை போட்ட சான்றிதழ். முடிவில் எழுந்து நின்று கைதட்டுவார்கள். அந்தக் கைதட்டலோடு வீட்டுக்குப் போனால் எனக்கு இரண்டு நாளைக்குப் பசிக்காது.

அந்த முறை தலைப்பு, விற்பதற்கு முன் கேட்பது. வாடிக்கையாளரின் வீடு எப்படி, யார் பாவிக்கப்போவது, தண்ணீர் எப்படி, மின்சாரம் எப்படி என்று கேட்ட பிறகுதான் சாமானைக் காட்டவேண்டும். அவர்கள் மனதில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்க்க ஒன்றரை மாதம் கழித்துக் கிளை கிளையாகப் போனேன். நகரத்துக் கடையில், “என்ன படிச்சோம், சொல்லுங்க பார்ப்போம்” என்று கேட்டேன். “சிரிச்ச முகத்தோட நிக்கவேணும் மிஸ்” என்றாள் ஒருத்தி. அது போன வருடத்துப் பாடம். ஏறாவூர்ப் பக்கத்துக் கிளையில் ஒருவர், “டை கட்டச் சொன்னீங்க” என்றார். நான் அப்படிச் சொன்னதே இல்லை. மனம் விட்டுப்போய்த்தான் கல்முனை பஸ் ஏறிப் பெரியகல்லாற்றுக்கு வந்திருந்தேன். அங்கே இந்தக் காட்சி.

அந்தப் பெண் சின்னப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனதும் அவரிடம் போனேன்.

“பாத்தன், நல்லாக் கேட்டீங்க. வகுப்பில சொன்னது அப்படியே நினைவிரிக்கி போல.”

அவர் கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லத் தெரியாத முகம். “அண்டைக்குப் புரியாணி நல்லாயிருந்திச்சு மிஸ்” என்றார். பிறகு கையைப் பின்பக்கம் நீட்டி, “இது அவ சொல்லித் தந்தது” என்றார்.

பின்பக்கம், கழிப்பறைக்குப் போகும் வழியில், முறைப்பாட்டு மேசை இருந்தது. வேலை செய்யாத சாமான்களைத் திருப்பிக் கொண்டுவருகிறவர்கள் போகும் இடம். மேசைக்குப் பின்னால் முப்பத்தைந்து வயது மதிக்கக்கூடிய ஒரு பெண். உள்ளூர்க்காரி, மெதடிஸ்த கோயிலுக்குப் போகிற குடும்பம். அவளை நான் அறிவேன், ஆனால் பயிற்சிக்கு ஒரு நாளும் அழைத்ததில்லை. அவள் விற்பனைப் பிரிவில் இல்லையே. முன்னால் வாடிக்கையாளருக்கு ஒரு கதிரை. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கதிரை. அந்த இரண்டாவது கதிரை யாருக்கு என்று அந்த விற்பனையாளர்தான் சொன்னார்.

மண்டூரிலிருந்து வந்த ஒரு பெண்ணின் கதை அது. அவருக்கு இவர் தானாக இயங்குகிற வொஷிங் மெஷின் ஒன்றை விற்றிருக்கிறார். விலை கூடியது, நல்ல விற்பனை என்று கடையில் எல்லோரும் பாராட்டியிருக்கிறார்கள். இரண்டு கிழமை கழித்து, வாவியைக் கடக்கிற மிதவைப் பாதையில் சின்ன லொறியோடு அதை ஏற்றிக்கொண்டு அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டார். முறைப்பாட்டு மேசைக்காரி உடனே எழுந்துபோய், விற்ற இவரைக் கூட்டிவந்து அந்த இரண்டாவது கதிரையில் இருத்தியிருக்கிறாள். அங்கே ஒரே ஒரு சட்டம்: வாடிக்கையாளர் சொல்லி முடிக்கும்வரை விற்றவர் வாய் திறக்கக்கூடாது.

“அந்தப் பிள்ளைட வீட்டில குழாய்த் தண்ணியே இல்ல மிஸ்,” என்றார் அவர். “கிணத்தில அள்ளி அள்ளி மெஷினுக்குள்ள ஊத்தியிரிக்கா. ‘கையால துவைச்சா எனக்கு இத்தின வாளி தேவல்ல அண்ணே’ எண்டு சொன்னா. ஏசல்ல, அழுகவும் இல்ல. சும்மா சொன்னா. எனக்குத் தலை நிமித்த ஏலாமப் போச்சு.”

அடுத்த நாள் கடை திறக்குமுன் பிளேன்டீ குடிக்கும்போது, கதிரையில் இருந்த விற்பனையாளர் இனி வாடிக்கையாளரிடம் என்ன கேள்வி கேட்பார் என்று மற்றவர்களுக்குச் சொல்லவேண்டும். ஒரு கேள்விதான். ஒரு கிழமை கழித்து மேசைக்காரி திரும்பக் கேட்பாள்: “உங்கட கேள்வி என்ன?” ஒரு மாதம் கழித்து இன்னொரு தடவை. இப்படி அந்தக் கிளையில் ஆளுக்கு நாலைந்து கேள்விகள் சேர்ந்திருந்தன. ஒருவருடையது மற்றவருக்கும் தெரிந்திருந்தது.

நான் அவள் மேசைக்குப் போனேன். எழுந்து நின்றாள்.

“நல்ல பயிற்சி ஒண்டு நடத்துறீங்களாம்” என்றேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். என் குரலில் ஏதோ உரசியது எனக்கே கேட்டது.

“பயிற்சியா? ஐயோ மிஸ்!” என்றாள். “விக்கிறது அவங்க, ஏச்சு வாங்குறது நான். அலுத்துப்போச்சு. வித்த ஆளே வந்து கேக்கட்டும் எண்டுதான் கதிரையப் போட்டன்.”

இதைக் கேட்டு நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். திரும்பி வரும் பஸ்ஸில் யன்னல் ஓரம் கிடைத்தது. குருக்கள்மடம் தாண்டும்வரை நான் வெளியே ஒன்றையும் பார்க்கவில்லை. அவள் தலைமுடியை இழுத்துக் கட்டியிருந்த விதம், ஒற்றை வளையல், “ஐயோ மிஸ்” என்ற சிரிப்பு எல்லாம் கண்ணுக்குள் நின்றன. ஒரு டிப்ளோமா இல்லை, திரை இல்லை, மண்டபம் இல்லை. ஒரு பிளாஸ்டிக் கதிரை. அதை வைத்துக்கொண்டு, நான் வருடக்கணக்காகச் செய்ய முடியாததை அவள் செய்து வைத்திருக்கிறாள். செய்தது என்னவென்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. அந்தத் தெரியாமைதான் என்னை அதிகமாகச் சுட்டது. பெருமையடித்திருந்தால் குறை சொல்லியாவது ஆறியிருப்பேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். “நல்ல விசயம்தானே, அந்தப் பிள்ளையை மற்றக் கிளைகளுக்கும் கூட்டிப் போங்களன்” என்றார். அன்று அவருக்குச் சோறு போட்டுக் கொடுத்துவிட்டு நான் குசினியிலேயே நின்றுகொண்டேன்.

அடுத்த நாள் முதலாளிக்கு அறிக்கை எழுதினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. பெரியகல்லாற்றுக் கிளையில் விற்பனையாளர்கள் விற்பனை நேரத்தில் தங்கள் இடத்தை விட்டு எழுப்பப்படுகிறார்கள். வாடிக்கையாளர் முன்னால் ஊழியர்கள் தலைகுனிய வைக்கப்படுகிறார்கள். முறைப்பாடுகளைப் பதியும் முறை மூன்று கிளைகளிலும் ஒரே மாதிரி இல்லை. ஒவ்வொரு வசனமும் உண்மை. எல்லாம் சேர்ந்தால்தான் பொய். வகுப்பின் பயன் என்ற பகுதியில், பெரியகல்லாற்றுக் கிளை வகுப்பில் படித்ததை நன்றாகச் செயற்படுத்துகிறது என்றும் எழுதினேன். அவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

முதலாளி என்னை நம்புகிறவர். விற்பனையாளர்கள் இடத்தை விட்டு எழும்பக்கூடாது, முறைப்பாடுகளை அச்சடித்த போமில் நிரப்பி நகரத்துக்கு அனுப்பவேண்டும் என்று உத்தரவு போனது. இரண்டாவது கதிரை சாமான் அறைக்குப் போனது. போமைத் தயாரித்தவள் நான். சாமானின் வகை, வாங்கிய திகதி, பழுதின் வகை, எடுத்த நடவடிக்கை. அழகான போம்.

மூன்றாம் நாள் அவளிடமிருந்து தொலைபேசி வந்தது. முறைப்பாடு சொல்லத்தான் எடுக்கிறாள் என்று நினைத்து, பதில்களை அடுக்கி வைத்துக்கொண்டு எடுத்தேன்.

“மிஸ், ஒரு சந்தேகம். அவங்க சொன்னத இதில எங்க எழுதுற?”

“பழுதின் வகை எண்டு ஒரு கட்டம் இரிக்கிதானே?”

“அது மெஷினில உள்ள பழுது மிஸ். மெஷினில பழுது இல்லாமலும் கொண்டுவாறாங்களே. அவங்க சொல்லுறது எங்க?”

அதற்கு என் போமில் இடம் இருக்கவில்லை. “பின்பக்கம் எழுதுங்க” என்றேன். அதன் பிறகு வந்த போம்கள் எல்லாவற்றின் பின்பக்கமும் அவளுடைய சிறிய எழுத்தில் நிறைந்திருந்தன. நான் ஒன்றையும் வாசிக்கவில்லை. கோர்த்து ஃபைலில் போட்டேன்.

ஏழெட்டு மாதங்கள் போயிருக்கும். பெரியகல்லாற்றில் இரண்டு பேர் விலகி இரண்டு புதியவர்கள் சேர்ந்தார்கள். திரும்பி வரும் சாமான்கள் அங்கே கூடத் தொடங்கின. முதலாளி என்னைக் கூப்பிட்டு, “அந்தக் கிளை நல்லாத்தானே போச்சு? திரும்ப ஒரு வகுப்பு வையுங்க” என்றார். வைத்தேன். அதே மண்டபம், அதே தலைப்பு. முறைப்பாட்டு மேசைகளில் இருப்பவர்களும் வரவேண்டும் என்று முதலாளியே சொல்லிவிட்டதால் இந்த முறை அவளும் வந்திருந்தாள்.

நான் வாடிக்கையாளரின் வீட்டைப் பற்றிக் கேட்கவேண்டிய கேள்விகளைத் திரையில் காட்டிக்கொண்டிருந்தபோது, அரிசி ஆலைக்காரர் கடைசி வரிசையில் எழுந்தார்.

“மிஸ், ஒண்டு கேக்கலாமா? இதெல்லாம் நாங்க முந்திச் செஞ்சதுதான். அந்தக் கதிரைய ஏன் எடுத்தவங்க? நான் இருந்து கேட்டதால இன்னும் கேள்வி கேக்கிறன். இந்தப் புதுப் பிள்ளையள் இருந்து கேக்கல்ல, அதால கேள்வி கேக்கிறதும் இல்ல.”

எனக்குத் தெரியாமல் என் கண் அவளிடம் போனது. அவள் தன் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைக் காப்பாற்றத்தான் குனிந்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. அந்த இரக்கத்தை என்னால் தாங்க முடியவில்லை. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

“பாப்பம்” என்றேன். அன்றும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை முதலாளியின் கந்தோர் அறைக்குப் போய் உண்மையைச் சொன்னேன். அந்தக் கதிரையை எடுக்க வைத்தது நான், காரணம் அவள்மேல் எனக்கு இருந்த எரிச்சல் என்றேன். எரிச்சல் என்ற சொல்லையே சொன்னேன். வேறு நல்ல சொல் எதுவும் வாய்க்குள் வரவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“நான் உங்கள வச்சிருக்கிறது அவங்க படிக்கிறதுக்கு. ஆரிட்டப் படிச்சா என்ன?” என்றார். பிறகு, “உத்தரவ நான் மாத்துறன். அந்தப் பிள்ளைட்ட நீங்களே போய்ச் சொல்லுங்க” என்றார்.

பெரியகல்லாற்றுக்குப் போனேன். கடையில் கூட்டம் இல்லாத பதினொரு மணி. அவளுடைய மேசைக்கு முன்னால் நின்றபடியே சொன்னேன். வேகமாகச் சொன்னேன், நடுவில் நிறுத்தினால் திரும்பி ஓடிவிடுவேன் என்று பயம்.

“தெரியும் மிஸ்” என்றாள். “உத்தரவு வந்த கிழமையே விளங்கிட்டு. நீங்க வந்துபோன கையோட வந்தது.”

“அப்ப ஏன் ஒண்டும் கேக்கல்ல?”

“கேட்டு? நீங்க பெரிய இடத்தில இரிக்கிறவங்க.” அவள் குரல் முதல்முறையாகக் கடினப்பட்டது. “எனக்குக் கோவம் இல்லண்டு சொல்ல மாட்டன். போமுக்குப் பின்னால இவ்வளவு எழுதினன். ஒண்டையாவது வாசிச்சீங்களா?”

“இல்ல.”

அவள் எழுந்து சாமான் அறைக்குள் போனாள். போய்விட்டாள் என்றே நினைத்தேன். ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து மேசைக்கு முன்னால் வைத்தாள்.

“ஒரு கிழமை இஞ்ச இரிங்க மிஸ். சட்டம் தெரியும்தானே?”

இருந்தேன். தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். முதல் இரண்டு நாளும் வந்தவை சின்ன விசயங்கள். மூன்றாம் நாள் மண்டூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் வந்தார். அறுபது வயது இருக்கும். வட்டைக்குப் போன காலோடு வந்திருந்தார். கணுக்காலில் வயல் சேறு காய்ந்திருந்தது. தண்ணீர் மோட்டார் ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். விற்ற புதுப் பெண் அன்றைக்கு லீவு. அதனால் அந்தக் கதிரையில் நான் மட்டும்.

“மோட்டார் நல்ல மோட்டார்தான் மகள். தண்ணிதான் வருகுதில்ல” என்றார். “என்ட குழாய்க் கிணறு நல்ல ஆழம். இது அவ்வளவு ஆழத்தில இரிந்து இழுக்காதாம், மோட்டார் திருத்துற பாஸ் வந்து பாத்துச் சொன்னார்.”

“வாங்கக்குள்ள ஒண்டும் கேக்கல்லயா ஐயா?” என்றாள் அவள்.

அவர் சிரித்தார். “கேட்டிச்சு. பள்ளிக்கூடத்தில தேவாரம் சொல்லுற மாதிரிக் கேட்டிச்சு. ‘ஐயா, உங்கள் தேவை என்ன? உங்கள் இல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா?’ எண்டு. நானும் கிணத்தப் பத்திச் சொல்லத் துவங்கினன். அதுக்குள்ள அடுத்த கேள்விக்குப் போயிட்டுது. ஆரோ பாடமாக்கக் குடுத்திருக்காங்க போல. பாவம், அந்தப் பிள்ளையில பிழையில்ல.”

உங்கள் தேவை என்ன. உங்கள் இல்லத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல முடியுமா. இரண்டும் நான் எழுதியவை. சொல்லுக்குச் சொல் என் திரையில் இருந்தவை. விளக்கம் சொல்ல என் வாய் திறக்கப் பார்த்தது. அவள் என்னைப் பார்க்கவில்லை, பேனாவை மட்டும் மேசையில் ஒரு தடவை தட்டினாள். மூடிக்கொண்டேன். அவர் கிணறு வெட்டியது, மருமகன் கடன் வாங்கிக் கொடுத்தது, மிளகாய்க் கன்று வாடியது எல்லாம் சொல்லி முடிக்கும்வரை இருந்தேன். மோட்டாரை மாற்றிக் கொடுத்தோம்.

மறுநாள் காலை பிளேன்டீ நேரம். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கோப்பையைக் கீழே வைத்தேன்.

“கிணறு எவ்வளவு ஆழம் எண்டு கேட்டு, பதில் வாறவரைக்கும் அடுத்த கேள்விக்குப் போகமாட்டன்” என்றேன்.

“அது ரெண்டு மிஸ்” என்றார் அரிசி ஆலைக்காரர். “ஒண்டச் சொல்லுங்க.”

யோசித்தேன். “பதில் வாறவரைக்கும் இரிப்பன்” என்றேன். அது கேள்வியே இல்லை. ஆனாலும் ஒத்துக்கொண்டார்கள்.

கிழமை முடிந்து நகரத்துக்குத் திரும்பிய பிறகு, அந்தக் கிளை வழக்கப்படியே அவள் தொலைபேசி எடுத்தாள். “மிஸ், உங்கட என்ன?” நான் கந்தோரில் ஏதோ கணினி வேலையில் இருந்தேன். எனக்கு உடனே வரவில்லை. ஒரு கிழமைதான், அதற்குள் வழுக்கிவிட்டது. அந்தப் பக்கம் அவள் பொறுத்திருந்தாள். கடைசியில் சொன்னேன். “மறுகா அடுத்த மாசம் கேக்கிறன்” என்று வைத்துவிட்டாள். கேட்டாள். அதற்கடுத்த மாதமும் கேட்டாள். இப்போது அது எனக்கு மறக்காது.

அவள் முதல் தடவை தொலைபேசி எடுத்த அன்றைக்கே ஃபைலை எடுத்து, அவள் போம்களின் பின்பக்கங்களை முதல் தடவையாக வாசித்தேன். முடிக்க நாலு நாள் எடுத்தது.

இன்று மூன்று கிளைகளிலும் அந்த இரண்டாவது கதிரை இருக்கிறது. முழு நாள் வகுப்பை நிறுத்திவிட்டோம். மாதம் ஒரு தடவை அவளும் நானும் சேர்ந்து கிளைகளுக்குப் போகிறோம். அவளுக்கு முதலாளி பதவியும் கொடுத்திருக்கிறார், எனக்குச் சமமாக. திரும்பி வரும் சாமான்கள் குறைந்திருக்கின்றன. எல்லாம் நல்லபடியாகத்தான் நடக்கிறது.

எரிச்சல் மட்டும் போகவில்லை. ஏறாவூர்ப் பக்கத்துக் கிளையில் ஒரு சந்தேகம் என்றால் அவளைத்தான் தொலைபேசியில் கூப்பிடுகிறார்கள். என் தொலைபேசி பேசாமல் கிடக்கும். “இண்டைக்கு ஆர் எடுத்த?” என்று நான் அவளைக் கேட்பேன். அவள் ஒன்றையும் மறைக்காமல் முழுக்கதையும் சொல்வாள். யார் என்ன வாங்கினார், எதற்காகத் திருப்பினார், விற்றவர் முகம் எப்படிப் போனது என்று. நான் கொப்பியில் எழுதிக்கொள்வேன். அடுத்த கிளைக்குப் போகும்போது அந்தக் கதைகளை நான்தான் சொல்கிறேன், எனக்குக் கதை சொல்ல வரும். இது அவ சொன்ன கதை என்று பெரும்பாலும் சொல்லிவிடுவேன். சில நாளில் சொல்லாமல் விட்டுவிடுகிறேன். அவள் பக்கத்தில் இருந்து புதிதாகக் கேட்பதுபோலத் தலையாட்டுவாள். வரும் வழியில், இது அவள் கதை என்று சொல்ல மறந்துபோனேன் என்பேன். “பரவால்ல மிஸ்” என்பாள்.

மறதி இல்லை அது. அவளுக்கும் தெரியும்.